ஹல்கொல்லையில் நடை கண்டுபிடிக்கப்பட்ட கதை

ஹல்கொல்லையில் நடப்பது என்பது போன வருடம் மே மாதம் ஒன்பதாம் திகதி, வெள்ளிக்கிழமை, முற்பகல் பத்து நாற்பத்திரண்டுக்கு உத்தியோகபூர்வமாகத் தொடங்கியது. அதற்கு முன்பும் அங்கே ஆட்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். காலால்தான் போனார்கள். ஆனால் அதற்குத் திட்ட வரைபும் இல்லை, இணைப்பாளரும் இல்லை, ரிப்பனும் இல்லை. ஆகவே அது சேர்த்தி இல்லை.

புளத்கொகுபிட்டியவிலிருந்து மலைப்பக்கம் ஏறினால் வருகிற சின்ன டவுன் ஹல்கொல்லை. அதன் நடுவில் பிரதேச செயலகம், பதிவாளர் கந்தோர், காணிக் கந்தோர், தபால் கந்தோர், பிரதேச சபை என்று ஐந்தும் ஒரு பலா மரத்தைச் சுற்றிக் குந்தியிருந்தன. மழை வந்தால் ஐந்து கூரையும் ஒற்றுமையாக ஒழுகும். கேட்டடியில் நுஹ்மான் நானாவின் போட்டோ கொப்பிக் கடை. ஒரு கந்தோரில் கொப்பி கேட்டால் நாலு எட்டு. இன்னொன்றில் கையெழுத்துக் கேட்டால் ஆறு எட்டு. பார்க்கச் சகிக்காத இடம். வேலை மட்டும் முடிந்துவிடும்.

இந்தப் பெரிய குறையைக் கண்டுபிடித்தவர் ஸ்ரான்லி. கொழும்பிலிருந்து வந்த நகரத் திட்ட ஆலோசகர், வெள்ளைச் சப்பாத்துக்காரர். “ஒரு சராசரிப் பிரஜை இங்கே தன் அலுவலை முடிக்கப் பதினான்கு எட்டுகள் மட்டுமே நடக்கிறார். இது கவலைக்குரிய நிலை” என்று அறிக்கை எழுதினார். அந்தக் கவலை இரண்டே வருடத்தில் தீர்க்கப்பட்டது. பலா மரம் நிழலுக்கு இடைஞ்சல் என்று வெட்டப்பட்டு, நிழல் மரக் கன்றுகள் இருநூற்று நாற்பது வரிசையாக நடப்பட்டன. கந்தோர்கள் ஐந்தும் ஐந்து மூலைக்குத் தள்ளி வைக்கப்பட்டன. நடுவே வழவழவென்று கல் பதித்த பாதை, ஜிலேபி பிழிந்த மாதிரி. நேராகப் போனால் அது போக்குவரத்து, வளைந்து போனால்தான் அது நடை என்பது ஸ்ரான்லியின் கொள்கை. பாதையோரம் முழுக்க, நடையின் பயன்களை விளக்குகிற ஆளுயரப் பலகைகள். இப்போது அதே அலுவலுக்கு ஆயிரத்து நானூறு எட்டு. ‘நூறு மடங்கு முன்னேற்றம்’ என்று வாசலில் எழுதிப் போட்டார்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினார்கள். தமிழ் அடுத்த கட்டத்தில்.

இந்த முன்னேற்றத்துக்குள் தெரியாத்தனமாக வந்து மாட்டிக்கொண்டவள் கிருஷ்ணகுமாரி.

கலத்தென்ன தோட்டத்து மேல் டிவிசனில் அவள் பால்வெட்டுக்காரி. இருபத்தெட்டு வருடமாக ஒரே ரப்பர் மலை, தினமும் முந்நூறு மரம். அவளுடைய மகள் டிலுக்ஷாவுக்குக் கல்வியியற் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அந்த லயத்து வீட்டு வரிசையிலிருந்து டீச்சராகப் போகிற முதல் பிள்ளை. திங்கட்கிழமை பத்து மணிக்குள் கல்லூரி வாசலில் நிற்க வேண்டும், கையில் வதிவிடச் சான்றிதழ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்கு. சான்றிதழில் தோட்டத் தொரை கையெழுத்து வைத்தாயிற்று. கிராம சேவகரும் வைத்தாயிற்று. பிரதேச செயலாளரின் கையெழுத்தும் சீலும்தான் பாக்கி. மெடிக்கல் எடுக்க மகள் கேகாலைக்குப் போய்விட்டாள். காலை மழையில் பட்டை நனைந்து அன்று வெட்டும் இல்லை. சான்றிதழை ஷொப்பிங் பையில் சுற்றி, அதை இன்னொரு பையில் சுற்றி, நாலு மைல் இறங்கி ஒன்பது மணிக்கு வாசலுக்கு வந்து சேர்ந்தாள் கிருஷ்ணகுமாரி.

வாசலின் குறுக்கே சிவப்பு ரிப்பன், அதற்கு இப்பக்கம் விழா மேடை. ரிப்பனுக்குப் பக்கத்தில் காவலுக்கு அப்லால் என்ற மாவனல்லைப் பையன்.

“உள்ளுக்கு நடக்க ஏலாது அக்கா.”

“ஏன் தம்பி, கந்தோர் லீவுங்களா?”

“லீவு இல்ல. இது நடக்கிற ஏரியா. இன்னம் தொறக்கல்ல. அதனால நடக்கப் படாது.”

கிருஷ்ணகுமாரி கொஞ்சம் யோசித்தாள். “அப்ப ஓட்டோ புடிச்சிப் போறேன்.”

“ஓட்டோ விட ஏலாது. இது நடக்கிற ஏரியா.”

“கந்தோரு ஆளுங்கல்லாம் எப்புடிப் போறாங்க?”

“பின்னுக்கு வாகன கேட் ஒண்டு இருக்கு. அதால போக பெர்மிட் எடுக்கணும்.”

“பெர்மிட்டு எங்க குடுப்பாங்க?”

அப்லால் மனச்சாட்சி உள்ள பையன். தூரத்தில் பலகைகளுக்கு மேலே தெரிகிற பிரதேச செயலகக் கூரையைக் கண்ணால் காட்டினான். “இண்டைக்கு அதுவும் இல்ல அக்கா. இண்டைக்கு வாகனம் இல்லாத நாளாம். பின் கேட்டப் பூட்டிச் சாவியக் கந்தோருக்குள்ள வெச்சிட்டாங்க.”

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், கடையிழந்த நுஹ்மான் நானா ஒரு பழைய வேனின் பின்கதவைத் திறந்து போட்டோ கொப்பி மெஷினோடு உட்கார்ந்திருந்தார். வேன் நாலு கல்லின் மேல் நின்றது, டயர் இல்லை. அதனால் அது வாகனமா கட்டடமா என்று தீர்மானிக்க ஒரு குழு போட்டிருந்தார்கள்.

“வா குமாரி, வெயில்ல நிக்காத” என்றார். “பத்து நாப்பத்திரண்டுக்குச் சுப நேரம். பிரதம அதிதி வந்து முதலாவது எட்டு வைப்பார். அவர் வெச்சாப் பொறவு சனம் வைக்கலாம். நீ நாலு மைல் வெச்சதெல்லாம் ஒத்திகை.”

“நெசமாவே அவரு நடந்து காட்டுனாத்தான் நாங்க நடக்கணுமா நானா?”

“பின்ன? நம்மட இஷ்டத்துக்கு நடந்தா விழுந்திட மாட்டமா?”

அந்த நேரம் பார்த்து மேடைப் பக்கமிருந்து ஸ்ரான்லி ஓடி வந்தார். நடைக்காக அந்த வளாகத்தில் ஓடிய ஒரே ஆள் அவர்தான். பிரதம அதிதிக்குப் பக்கத்தில் நடந்து வர ஒரு பயனாளி ஏற்பாடாகியிருந்தது. முன்மாதிரிப் பாதசாரி என்று பெயர். பஸ் வராததால் பாதசாரி வந்து சேரவில்லை.

“அம்மா, நீங்கள் நடப்பீர்களா?”

“நடப்பேங்க சேர்.”

“முன் அனுபவம்?”

கிருஷ்ணகுமாரி விளங்காமல் நுஹ்மான் நானாவைப் பார்த்தாள். “ஒரு வயசில இருந்து நடக்கிறாள் சேர், இடைநிறுத்தம் இல்லாம” என்றார் நானா.

ஸ்ரான்லி படிவம் எடுத்தார். நடக்கத் தொடங்கிய வயது, நாளாந்த எட்டுகள், நடையின்போது ஏற்படும் உணர்வு. உணர்வு என்ற இடத்தில் அட்டைக்கடி என்று அவள் சொன்னதை ‘இயற்கையோடு இணைவு’ என்று எழுதிக்கொண்டார். கடைசியாக, நடையின் நோக்கம். பொழுதுபோக்கு, உடல்நலம், சமூக ஒன்றிணைவு என மூன்று பெட்டி இருந்தது.

“சீல் வைக்கணும்ங்க சேர்” என்று பையைத் தூக்கிக் காட்டினாள். “பிள்ளை திங்கக்கெழம காலேஜுக்குப் போகணும்.”

அதற்குப் பெட்டி இல்லை. ஸ்ரான்லி சமூக ஒன்றிணைவுக்குச் சரி போட்டார். “உங்கள் காரியம் முடியும் அம்மா. செயலாளர் மேடம் ஊர்வலத்தில் நம்மோடுதான் வருகிறார்” என்று சொல்லி அவள் கழுத்தில் ‘பாதசாரி இல. 1’ என்று ஓர் அட்டையை மாட்டினார்.

பிறகு ரிப்பனைத் தாண்டாமல், மேடையடிக் கல்லில் பயிற்சி. குதிகாலை முதலில் வைத்து, முதுகை நிமிர்த்தி, தொடுவானத்தைப் பார்த்து நடக்க வேண்டும். கிருஷ்ணகுமாரி இருபத்தெட்டு வருடமாகத் தொடுவானத்தைப் பார்த்து நடந்ததில்லை. ரப்பர் மலையில் தொடுவானத்தைப் பார்க்கிறவர் பள்ளத்தில் கிடப்பார். அடுத்த எட்டு விழுகிற இடத்தைப் பார்த்து, கால் விரலால் மண்ணைக் கவ்வித்தான் அவளுக்கு நடக்க வரும். மூன்று தரம் முயன்று மூன்று தரமும் அந்த வழவழக் கல்லில் சறுக்கினாள். “பரவாயில்லை, பழக்கம் இல்லாதவர்களுக்கு ஆரம்பத்தில் அப்படித்தான்” என்று ஸ்ரான்லி தேற்றினார்.

சறுக்கி உட்கார்ந்த இடத்தில் ஒரு நிழல் மரக் கன்று நின்றது. மூன்று மூன்றாக இலை. கிருஷ்ணகுமாரி கட்டை விரலால் தண்டைத் தடவிப் பார்த்தாள்.

“சேர், இது ரப்பருங்க.”

“இல்லை அம்மா. இது விரைவில் வளரும், விதானம் விரிக்கும், நிழல் தரும் மரம். நேர்சரியில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள்.”

“ஆமாங்க. ரப்பரு அதெல்லாம் செய்யும்ங்க” என்று விட்டுவிட்டாள். கன்றுகளை நட்டதும் தோட்டத்து ஆட்கள்தான் போலிருந்தது. பாதை எப்படி வளைந்தாலும் கன்று வரிசை கயிறு பிடித்த மாதிரி நேராக, மேடையடியிலிருந்து பிரதேச செயலக வாசல்படி வரை ஓடியது. மலையில் வேலை செய்தவனுக்கு வளைத்து நடத் தெரியாது.

பத்து நாற்பத்திரண்டு வந்தது. பிரதம அதிதி வரவில்லை. சுப நேரம் தவறக்கூடாது என்பதற்காக மேடைக் கடிகாரத்தை நிறுத்தி வைத்தார்கள். அது அசையாமல் நிற்க, உலகத்தில் ஒன்றே கால் ஆனபோது ஏழு வாகனங்கள் வந்தன. வாகனமற்ற வளாகம் என்பதால் அவை ரிப்பன்வரை மட்டும் வந்தன. பிரதம அதிதி ஏழாவதிலிருந்து இறங்கி மேடைக்கு இருபது எட்டு வைத்தார். ஆனால் அவை விழாவுக்கு முந்திய எட்டுகள். ஆகவே முதலாவது எட்டு அப்படியே பத்திரமாக இருந்தது.

மேடையில் செயலாளர் மேடம் (சனத்துக்கு அவர் நோனா), லிகிதர்கள், காணிக் கந்தோர், பதிவாளர், தபால் எல்லாரும் இருந்தார்கள். கந்தோரைத் திறக்கிற விழாவுக்காகக் கந்தோரைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். பையை மடியில் வைத்து, மேடைக்குக் கீழே பயனாளிகள் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள் கிருஷ்ணகுமாரி. வரிசை முழுக்க அவள் ஒருத்திதான்.

பிரதம அதிதி பேசினார். ஸ்ரான்லி தமிழில் பெயர்த்தார்.

“நானும் சிறு வயதில் நடந்தவன்தான். நடந்து நடந்துதான் இந்த நிலைக்கு வந்தேன். வந்த பிறகு நடக்கவில்லை என்பது வேறு விடயம். இந்த வளாகத்தைப் பாருங்கள். முன்பு இங்கே வந்தவர்கள் அலுவல் முடிந்ததும் போய்விடுவார்கள். இனி அவ்வளவு சீக்கிரம் போக முடியாது.”

கைதட்டல்.

“மக்கள் நடந்தால் எரிபொருள் மிச்சம். மிச்சமாகும் எரிபொருளில் நாங்கள் மக்களைத் தேடி வருவோம். தோட்டத்துச் சகோதர சகோதரிகள் என்னிடம் காணி கேட்கிறார்கள். நன்றாக யோசித்துப் பார்த்தேன். காணி கொடுத்தால் ஒரே இடத்தில் நின்றுவிடுவார்கள். நடைபாதை கொடுத்தால் முன்னேறிக்கொண்டே இருப்பார்கள்.”

இதற்குத்தான் பெரிய கைதட்டல். மொழிபெயர்த்த ஸ்ரான்லியே ஒரு கணம் நின்று, பிறகு தானும் தட்டினார். கிருஷ்ணகுமாரி தட்டவில்லை. கையில் பை இருந்தது.

ரிப்பன் வெட்டப்பட்டது. பிரதம அதிதி முதலாவது எட்டை வைத்தார். படம் எடுக்கிறவருக்குச் சரிவராததால் முதலாவது எட்டை இன்னும் நாலு தரம் வைத்தார். பிறகு ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் பிரதம அதிதி, பக்கத்தில் பாதசாரி இல. 1, பின்னால் நோனாவும் நாற்பது உத்தியோகத்தர்களும். நூறு எட்டுப் போகவில்லை, மலை மழை வந்துவிட்டது. கேகாலைப் பக்கத்து மே மாத மழை சுப நேரம் பார்த்து வருவதில்லை.

மழையில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. சுற்றிலும் ஆளுயரப் பலகைகள். புல்லில் கால் வைக்கத் தடை. அம்புக்குறிகளைப் பார்த்து நடந்தார்கள். விழாவுக்கு வருகிறவர்கள் வழி தவறக்கூடாது என்று முதல் நாள் எல்லா அம்புக்குறிகளையும் மேடைப் பக்கம் திருப்பி வைத்திருந்ததை ஒருவரும் நினைக்கவில்லை. கால் மணி நேரம் வளைந்து வளைந்து நடந்து ஓரிடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பிரதம அதிதி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “வெகுதூரம் வந்துவிட்டோம்” என்றார்.

“இது நம்ம கெளம்புன எடம்ங்க” என்றாள் கிருஷ்ணகுமாரி.

ஸ்ரான்லி அதை மொழிபெயர்க்கவில்லை. மறுபடி புறப்பட்டார்கள். மறுபடி மேடைக்கே வந்தார்கள். மூன்றாவது தரம் பிரதம அதிதி, இவ்வளவு மேடைகள் ஏன் கட்டினீர்கள் என்று கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். மூலைக்கொரு பலகையடியில் உத்தியோகத்தர்கள் ஒதுங்கினார்கள். எங்கேயோ ஒரு பலகைக்குப் பின்னாலிருந்து பதிவாளர், தான் பதிவாளர் என்று கூவிக்கொண்டிருந்தார்.

மணி மூன்று. நாலு மணிக்குக் கந்தோர் மூடிவிடும். திறக்கவே இல்லை என்றாலும் நாலு மணிக்கு மூடிவிடும்.

கிருஷ்ணகுமாரி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். கல்லை விட்டுப் புல்லில் இறங்கினாள். முதல் கன்று, இரண்டாவது கன்று. பால்வெட்டுக்காரிக்கு மழையும் மூட்டமும் பெரிதில்லை. ஒரு மரத்தில் நின்றால் அடுத்த மரம் எங்கே என்று காலுக்குத் தெரியும். வரிசையைப் பிடித்தால் மலை தானாக முடியும். ஐந்தாவது கன்றடியில், ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற பலகையின் கீழ் நனைந்துகொண்டிருந்தார் செயலாளர் நோனா.

“நோனா, என் பின்னால வாங்க” என்று சிங்களத்தில் சொன்னாள்.

“புல்லில் நடக்கத் தடை” என்றார் நோனா. தடை உத்தரவில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். ஒரு இடி இடித்தது. நோனா புல்லில் இறங்கினார்.

பதினைந்து கன்று கடந்ததும் பிரதேச செயலக வாசல்படி. கிருஷ்ணகுமாரி ஒரு பையைப் பிரித்து, மற்றப் பையைப் பிரித்து, மடிப்புக்கூட நனையாத சான்றிதழை நீட்டினாள். நோனா கதவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். நல்ல மனுஷிதான். ஆனால் சீல் அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரிச் சாவி பிரதான லிகிதரிடம். பிரதான லிகிதர் மழைக்குள்.

“திங்கட்கிழமை வாங்க.”

“திங்கக்கெழம பிள்ளைக்கு காலேஜுங்க நோனா. இருங்க, அவர எடுத்துக்கிட்டு வாறேன்.”

வரிசையில் இறங்கிப் போய், ஒன்பதாவது கன்றில் பிரதான லிகிதரை எடுத்து வந்தாள். சாவி வந்தது. சீல் வந்தது. மைப்பெட்டி விழாப் பதிவேட்டுக்காக மேடைக்குப் போயிருந்தது. மறுபடி வரிசை. மேடையில் உறங்கிக்கொண்டிருந்த பிரதம அதிதியின் முழங்கைக்கு அடியிலிருந்து மைப்பெட்டியை உருவினாள். வருகிற வழியில் பதிவாளரையும், தபால் அதிபரையும், அவர்கள் கேட்டுக்கொண்டபடி எடுத்து வந்தாள். காலையில் கோப்பை கோப்பையாகப் பாலை ஊற்றி வாளியை நிரப்புகிற மாதிரி, உத்தியோகத்தர்களைக் கந்தோரில் கொண்டு வந்து ஊற்றினாள். மூன்று ஐம்பத்தைந்துக்கு டக்கென்று ஒரு சத்தம். சீல் விழுந்தது.

ஸ்ரான்லி கடைசியாக எடுத்துவரப்பட்டார். வெள்ளைச் சப்பாத்து ஒன்று காணோம். ஆனாலும் குறிப்புப் புத்தகத்தை விடவில்லை.

“அபாரமான நடை அம்மா. எங்கே பழகினீர்கள்?”

சான்றிதழ் கைக்கு வந்த சந்தோஷத்தில், கூடவே ஒரு நன்மையும் நடக்கட்டும் என்று கிருஷ்ணகுமாரி சொல்லிவிட்டாள். “எங்க டிவிசனுக்கு நாலு மைலுங்க சேர். முப்பது வருஷமா ரோடு ஒடஞ்சே கெடக்கு. வண்டி ஏறாது. நோயாளியக்கூட கம்பளியில கட்டித்தான் தூக்கிட்டு வருவோம். கொஞ்சம் எழுதிக் குடுத்தீங்கன்னா…”

ஸ்ரான்லியின் கண்கள் கலங்கின. “நாலு மைல். ஒரு வாகனம்கூட இல்லை” என்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். “நாங்கள் இங்கே இரண்டு வருடம் பாடுபட்டும் முடியாததை அங்கே யாரோ ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறார்கள்.” கட்டாயம் எழுதுவதாக வாக்குக் கொடுத்தார்.

வாக்கைக் காப்பாற்றினார். அரசாங்கத்தில் எந்தக் காரியமும் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை. சனிக்கிழமை அறிக்கை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு லொறி டிவிசன் அடிவாரம்வரை வந்து, அதற்கு மேல் ஏற முடியாமல் நின்றது. ஆட்கள் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு நாலு மைல் ஏறினார்கள். இந்தத் தரம் தமிழிலும் எழுதியிருந்தது. ‘நடைநேய வலயம், இரண்டாம் கட்டம். பணிகள் பூர்த்தி. வாகனங்களுக்கு அனுமதியில்லை. திறந்து வைக்கப்படும் வரை நடக்கத் தடை.’ லயத்து முனையில், பாதையின் குறுக்கே, இரண்டு ரப்பர் மரங்களில் சிவப்பு ரிப்பனைக் கட்டிவிட்டுப் போனார்கள். பிரதம அதிதிக்கு அடுத்த சுப நேரம் ஓகஸ்ட் மாதம்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணி. தலையில் டிரங்குப் பெட்டியோடு கிருஷ்ணகுமாரி, வெள்ளைச் சாரியில் சான்றிதழ் பையைக் கட்டிப்பிடித்தபடி டிலுக்ஷா. பெட்டியின் கொக்கி நாள்பட்டது. நாலு எட்டுக்கு ஒரு தரம் மூடி வாயைத் திறந்தது. இருவரும் ரிப்பனுக்கு முன்னால் நின்றார்கள். வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் புறப்பட்ட அரை லயமும் அவர்களுக்குப் பின்னால் நின்றது. இரவல் வாங்கிய சாரி சேறு படாமல் குனிந்து நுழைய வழியில்லை.

“என்னம்மா செய்யிறது?” என்றாள் டிலுக்ஷா. “பத்து மணிக்கு கேட்டு மூடிருவாங்க.”

கிருஷ்ணகுமாரி பெட்டியை இறக்கி வைத்தாள். இடுப்பிலிருந்து பால்வெட்டுக் கத்தியை எடுத்தாள். மரத்தில் கட்டின எதையும் அவள் ஒரே விதமாகத்தான் வெட்டுவாள். இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் தாழ்ந்து, ஒரே இழுப்பு. ரிப்பன் இரண்டாக விழுந்தது.

“கை தட்டுங்கப்பா, நம்ம குமாரி நோனா தொறந்து வச்சிருக்காங்க” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அரை லயமும் தட்டியது.

கிருஷ்ணகுமாரி அதைக் கவனிக்கவில்லை. விழுந்த ரிப்பனை எடுத்து இழுத்துப் பார்த்தாள். நல்ல கெட்டி. டிரங்குப் பெட்டியைக் குறுக்கிலும் நெடுக்கிலும் சுற்றி இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டாள்.

“தூக்கி விடு” என்றாள் மகளிடம். “கீழ பாத்து நட.”